அமெரிக்கப் பாவ்பாவ் நம் செம்மண்ணில் காய்க்குமா?

செப்டம்பர் வந்தாலே அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்களிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்து விழும். ஆற்றோரக் காட்டில் பொறுக்கிய ஒரு பச்சைப் பழம், சின்ன மாங்காய் அளவு, பிளந்தால் உள்ளே வெண்ணெய் போல மஞ்சள் சதை, அதில் இரண்டு வரிசையாகப் பழுப்பு விதைகள். "அப்படியே நம்ம சீத்தாப்பழம் ருசி" என்று கூடவே ஒரு குரல் செய்தி. அடுத்த வாரமே புதுச்சேரியிலோ கடலூரிலோ மாடித்தோட்டம் வைத்திருக்கும் யாராவது கேட்பார்கள்: இதன் விதை கிடைக்குமா, நம்ம ஊரில் வருமா?

நேராகவே சொல்லிவிடுகிறேன். விதை முளைக்கும், செடி கொஞ்ச காலம் இருக்கும், பழம் வராது. ஆனால் அந்த மரத்தை அங்கே என்ன பாடுபட்டுக் காய்க்க வைக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால், உங்கள் கொல்லையில் பூவாகப் பூத்து உதிர்ந்து, வருடத்துக்கு நாலே நாலு சூம்பிய பழம் கொடுக்கும் சீத்தா மரத்துக்கு உடனே பயன்படும். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் பப்பாளியைத்தான் பாவ்பாவ் என்கிறார்கள். அதனால் ஆன்லைனில் இந்தப் பெயரைப் பார்த்து விதை வாங்கினால் பப்பாளி விதையே வந்து சேர வாய்ப்பு அதிகம். மிளகு அளவில் கறுப்பாக இருந்தால் பப்பாளி. மொச்சையைவிடப் பெரிதாக, தட்டையாக, பளபளவென்று பழுப்பாக, இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு இருந்தால் நாம் பேசும் அமெரிக்கப் பாவ்பாவ், அதாவது அசிமினா ட்ரைலோபா. இதற்கும் பப்பாளிக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

உறவெல்லாம் சீத்தாவோடுதான். சீத்தா, ராம்சீத்தா, முள்சீத்தா, கோயில் நந்தவனத்து மனோரஞ்சிதம், அரசு அலுவலக வாசல்களில் ஈட்டி மாதிரி நிற்கும் நெட்டிலிங்கம் எல்லாம் ஒரே அன்னோனேசியே குடும்பம். கிட்டத்தட்ட மொத்தக் குடும்பமும் வெப்ப நாடுகளில் இருக்க, அசிமினா மட்டும் வட அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் ஏறிப்போய்க் குடியேறிவிட்டது. தெற்கே ஃப்ளோரிடாவின் வட பகுதியிலிருந்து வடக்கே கனடாவின் ஒன்டாரியோ வரை, மேற்கே கன்சாஸ், டெக்சாஸ் வரை ஆற்றோரக் காடுகளில், பெரிய மரங்களின் நிழலில், வேரிலிருந்து பக்கக்கன்றுகள் விட்டுக் கூட்டம் கூட்டமாக வளர்கிறது. அமெரிக்க மண்ணுக்கே சொந்தமான, தின்னக்கூடிய பழங்களில் இதுதான் பெரியது, நன்றாக விளைந்தால் அரைக் கிலோ வரை வரும். அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயப் போன லூயிஸ், கிளார்க் குழு 1806-ல் அங்கிருந்து திரும்பி வரும்போது உணவு தீர்ந்துபோய், மிசௌரி ஆற்றங்கரையில் இந்தப் பழத்தைத் தின்றுதான் கடைசிக் கட்டத்தைச் சமாளித்தார்கள் என்பது அவர்கள் நாட்குறிப்பிலேயே இருக்கிறது.

இந்த உறவை நிரூபிக்க ஆய்வகம் எதுவும் வேண்டாம், வண்ணத்துப்பூச்சியைப் பார்த்தால் போதும். அமெரிக்காவில் வரிக்குதிரை மாதிரி கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட ஒரு வண்ணத்துப்பூச்சி இருக்கிறது. அதன் புழு பாவ்பாவ் வகை இலையைத் தவிர வேறு எதையும் தொடாது. புதுச்சேரியில் நெட்டிலிங்க மரங்களைச் சுற்றி, நிற்காமல் சிறகடித்தபடி கறுப்பில் பச்சைப் புள்ளியோடு ஒன்று திரியுமே, அதன் புழு நெட்டிலிங்க இலையையும் சீத்தா இலையையும் தின்கிறது. இரண்டு பூச்சிகளும் நெருங்கிய சொந்தம். மரங்கள் கண்டம் விட்டுக் கண்டம் பிரிந்திருந்தாலும் பூச்சிகள் குடும்ப ருசியை மறக்கவில்லை!

சரி, சீத்தாவுக்கு இவ்வளவு நெருக்கம் என்றால் நம் மண்ணில் ஏன் வராது? மண் பிரச்சினையே இல்லை. ஈரம் நிற்கும், ஆனால் தண்ணீர் தேங்காத, ஆழமான வண்டல் மண் அதற்குப் பிடிக்கும். அது தென்பெண்ணைக் கரையிலும் கெடிலக் கரையிலும் தாராளமாக இருக்கிறது. சிக்கல் குளிரில். பாவ்பாவ் இலையுதிர் காலத்தில் மொத்த இலையையும் கொட்டிவிட்டு உறங்கப் போகிற மரம். அந்த உறக்கத்தைக் கலைக்க வெயில் வந்தால் மட்டும் போதாது, அதற்கு முன்னால் ஏறத்தாழ ஏழு டிகிரிக்குக் கீழே சுமார் 400 மணி நேரக் குளிர் சேர்ந்திருக்க வேண்டும். நடுக் குளிர்காலத்தில் தப்பித் தவறி நாலு நாள் வெயிலடித்தால் அதை வசந்தம் என்று நம்பித் துளிர்விட்டு, அடுத்த வாரப் பனியில் கருகிவிடாமல் இருக்க மரம் வைத்திருக்கும் கணக்கு இது. இந்தக் கணக்கு தீராவிட்டால் மொட்டு திறக்காது, அல்லது ஒரு கிளையில் இலை, இன்னொரு கிளை மொட்டை என்று அரைகுறையாகத் திறந்து, வருடத்துக்கு வருடம் நலிந்துகொண்டே போகும். நாம் மார்கழிக் குளிர் என்று மஃப்ளர் சுற்றிக்கொண்டு கடற்கரைச் சாலையில் நடக்கிற விடியற்காலையில்கூட வெப்பமானி 20 டிகிரி பக்கம்தான் காட்டும். 400 மணி நேரம் வேண்டாம், நாலு மணி நேரம்கூட நமக்குக் கிடைக்காது.

சீத்தாவும் இலை உதிர்க்கிறதே என்று கேட்கலாம். உதிர்க்கிறது, ஆனால் காரணம் வேறு. மழை முடிந்து தை, மாசியில் ஈரம் குறையக் குறைய இலையைக் கொட்டிவிட்டுத் தண்ணீரை மிச்சப்படுத்துகிறது. சூடு ஏறி, கோடை மழை ஒன்றிரண்டு விழுந்ததும் துளிர்த்துப் பூக்கிறது. குளிரை எதிர்பார்த்து அது உட்கார்ந்திருப்பதில்லை.

இந்த இடத்தில் ஃப்ரிட்ஜ் யோசனை யாராவது சொல்வார்கள். விதைக்கு அது சரிதான். பாவ்பாவ் விதை காயவே கூடாது, காய்ந்தால் செத்தது. ஈரப் பாசியிலோ ஈர மணலிலோ பொதிந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் மூன்று மாதம் வைத்து, பிறகு வெதுவெதுப்பான இடத்தில் விதைத்தால் முளைக்கும். முதலில் ஆணிவேரை நீளமாக இறக்கிவிட்டு, வாரக்கணக்கில் கழித்துத்தான் தலை காட்டும், ஆகவே உயரமான தொட்டி வேண்டும். இதையெல்லாம் மெனக்கெட்டுச் செய்து இங்கே நாற்று எடுத்துவிடலாம். மரத்தை வருடா வருடம் எந்த ஃப்ரிட்ஜில் வைப்பது? இந்தியாவில் முயன்று பார்ப்பதென்றால் இமாச்சலம் மாதிரி ஆப்பிள் விளைகிற மலைப்பகுதிதான் இடம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊருக்கு வரும் உறவினர் பெட்டியில் நாலு விதை போட்டுக்கொண்டு வருவது சின்ன விஷயம் போலத் தோன்றும். விதைப்பதற்காக வெளிநாட்டு விதை கொண்டுவர, 2003-ம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அந்த நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். சும்மா காகிதத் தொல்லை என்று நினைக்காதீர்கள். பப்பாளியைக் கோணிப்பை போர்த்தியது மாதிரி மூடிய மாவுப்பூச்சி ஞாபகம் இருக்கிறதா? 2008 வாக்கில் கோயம்புத்தூர்ப் பக்கம் முதலில் தென்பட்டுத் தமிழ்நாடு முழுக்கப் பரவி, மல்பெரி, மரவள்ளி என்று கிடைத்ததையெல்லாம் உறிஞ்சியது. அது வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்ததுதான்.

இனி அவர்கள் அதை வளர்க்கும் கதை. இவ்வளவு ருசியான பழம் என்றால் ஏன் அமெரிக்கக் கடைகளிலேயே கிடைப்பதில்லை? கனிந்தபின் வெளியே வைத்தால் இரண்டு மூன்று நாள்தான் தாங்கும், தோல் மெலிது, தொட்டால் கறுக்கும், சீக்கிரம் பறித்தால் பழுக்கவே பழுக்காது. லாரி ஏற்றி அனுப்புகிற வியாபாரத்துக்கு இதைவிட மோசமான பழம் இருக்க முடியாது. 1916-லேயே அமெரிக்க மரபியல் சங்கம் நாட்டின் சிறந்த பாவ்பாவ் எது என்று பரிசுப் போட்டி வைத்துப் பார்த்தது, அதன் பிறகும் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. பின்னால் நீல் பீட்டர்சன் என்ற ஆர்வலர், பழைய சேகரிப்புகளில் மிஞ்சியிருந்த மரங்களின் விதைகளைத் தேடியெடுத்து, நட்டு, கழித்துக் கட்டி, தேறிய ரகங்களுக்கு ஷெனண்டோவா, சஸ்குவஹானா, ரப்பஹானாக் என்று அமெரிக்க ஆறுகளின் பெயரை வைத்தார். (பண்ருட்டிப் பலாவில் ஒரு நல்ல மரத்துக்குக் கெடிலம் என்று பெயர் வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!) கென்டக்கி மாநிலப் பல்கலைக்கழகம் 1990-லிருந்து இதற்கென்றே ஆராய்ச்சி நடத்துகிறது, 2009-ல் அட்வுட் என்ற ரகத்தை வெளியிட்டது. அதே 2009-ல் ஓஹியோ இதைத் தன் மாநில நாட்டுப் பழமாக அறிவித்தது, அங்கே ஆல்பனி ஊர்ப்பக்கம் 1999-லிருந்து வருடா வருடம் திருவிழாவும் நடக்கிறது.

வளர்ப்பவர்கள் செய்வது பெரும்பாலும் நமக்குத் தெரிந்ததுதான். நாற்றுக்கு முதல் ஓரிரு வருடம் நிழல், பிறகு நல்ல வெயில். காட்டில் நிழலில் உயிரோடு இருக்கும், ஆனால் வெயிலில்தான் காய்க்கும். விதையிலிருந்து வந்தால் ஐந்து முதல் எட்டு வருடம், ஒட்டுச்செடி என்றால் மூன்று நான்கு வருடத்தில் காய்ப்பு. இவையெல்லாம் சாதாரணம். மரத்தின் உண்மையான குறும்பு பூவில் இருக்கிறது.

பாவ்பாவ் பூ இலை வருவதற்கு முன்பே, கருஞ்சிவப்பாக, தலைகீழாகத் தொங்கும். தேனீ திரும்பிப் பார்க்காது. லேசான புளித்த வாடைக்கு வரும் ஈக்களும் வண்டுகளும்தான் மகரந்தம் சுமக்க வேண்டும், அவையோ மனசு வந்தால் வரும். அதோடு, பூ திறந்ததும் முதலில் பெண் பகுதி தயாராகும். மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் நுனிகளான சூல்முடிகள் பச்சையாக, பிசுபிசுவென்று இருக்கும், ஆனால் அதே பூவில் மகரந்தம் இன்னும் இறுகிய உருண்டையாக இருக்கும். மகரந்தம் உதிரும் நேரத்தில் சூல்முடி காய்ந்துவிட்டிருக்கும். போதாக்குறைக்குப் பெரும்பாலான மரங்கள் தன் மகரந்தத்தையோ, தன் வேரிலிருந்தே வந்த பக்கக்கன்றின் மகரந்தத்தையோ ஏற்காது. ஒரு தோப்பே ஒற்றை வேரிலிருந்து வந்ததாக இருந்தால், நூறு தண்டு நின்றாலும் அது ஒற்றை மரம்தான், காய் இருக்காது. இதனால்தான் வேறு வேறு ரகமாகக் குறைந்தது இரண்டு மரம் நடுகிறார்கள். சிலர் ஈக்களை வரவழைக்க மரத்தில் அழுகிய இறைச்சியைத் தொங்கவிடுவதும் உண்டு. அக்கம்பக்கத்து வீட்டார் என்ன சொல்வார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். நிதானமானவர்கள் ஒரு சின்ன ஓவியத் தூரிகையை எடுத்துக்கொண்டு பூப்பூவாகப் போகிறார்கள்.

அந்தத் தூரிகைதான் நமக்கு வேண்டியது. சீத்தா பூவும் இதே வேலையைச் செய்கிறது: முதலில் பெண், பிறகு ஆண். தன் மகரந்தத்தை ஏற்காத பிடிவாதம் இதற்கு இல்லை, நேரம்தான் பொருந்தாது. வருவது குட்டி வண்டுகள். பூ திறக்கும் சித்திரை, வைகாசியில் காற்று வறண்டு கொதித்தால் சூல்முடி சீக்கிரம் காய்ந்துவிடும், ஆகவே ஆயிரம் பூவில் அநேகமாக எல்லாமே உதிரும். "மரத்துக்குச் சூடு", "யாரோ கண் வைத்துவிட்டார்கள்", "உரம் போதவில்லை" என்று ஆளுக்கொரு காரணம் சொல்வோம். சீத்தாப்பழத்தின் தோலில் தெரியும் ஒவ்வொரு மேடும் ஒரு தனிச் சூலகம். மகரந்தம் கிடைத்த சூலகம் விதையோடு புடைக்கும், கிடைக்காதது அமுங்கிப்போகும். ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் சப்பையாக இருக்கும் பழத்தைப் பார்த்தால் உரத்தைக் குறை சொல்லாதீர்கள், அந்தப் பக்கத்துக்கு வண்டு வரவில்லை.

செய்முறை கஷ்டமில்லை. விடிந்ததும் மரத்தடிக்குப் போங்கள். இதழ் நன்றாக விரிந்து, உள்ளே மகரந்தத் தாள்கள் தளர்ந்து, தட்டினால் பொலபொலவென்று உதிரும் பூக்கள் ஆண் நிலையில் இருப்பவை. அவற்றை ஒரு எவர்சில்வர் கிண்ணத்திலோ தாளிலோ தட்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள். இதழ் அப்போதுதான் பிரிய ஆரம்பித்து, நுனியில் சின்ன இடைவெளி மட்டும் தெரியும் பூக்கள் பெண் நிலையில் இருப்பவை. தூரிகையில் மகரந்தத்தைத் தொட்டு, ஒரு விரலால் இதழை மெதுவாக விலக்கி, நடுவிலிருக்கும் மேட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் படுமாறு தடவுங்கள். எல்லாப் பக்கமும் என்பது முக்கியம், இல்லையென்றால் மேலே சொன்ன சப்பைப் பழம்தான். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். முதல் நாள் மாலை மரத்தடியைச் சுற்றி நன்றாகத் தண்ணீர் விட்டிருந்தால் காற்றில் ஈரம் இருக்கும், பலன் கூடும். தொட்ட பூவுக்கு ஒரு நூல் கட்டிவையுங்கள், இல்லாவிட்டால் எது நீங்கள் செய்தது, எது வண்டு செய்தது என்று தெரியாமல் வீண் பெருமையோ வீண் சலிப்போ வரும். தடித்த கிளைகளுக்குப் பக்கத்துப் பூக்களாகப் பார்த்துச் செய்யுங்கள், நுனிக்குச்சியில் பிடித்த காய் பெருத்ததும் குச்சியை வளைத்துவிடும்.

புதிதாக நடுபவர்களுக்கு இரண்டு வார்த்தை. நாட்டு சீத்தா, பாலாநகர் ரகம் இரண்டும் செம்மண்ணுக்கு ஏற்றவை, பண்ருட்டி, நடுவீரப்பட்டு, ஆரோவில் மேட்டுப் பக்கமெல்லாம் தயங்காமல் வைக்கலாம். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்கா சஹான் கலப்பு ரகம், விதை குறைவு, சதை அதிகம், நல்ல இனிப்பு. ஆனால் அதற்குக் கை மகரந்தச் சேர்க்கை கிட்டத்தட்டக் கட்டாயம், பக்கத்தில் நாட்டு சீத்தா ஒன்று இருந்தால் மகரந்தத்துக்கு வசதி. சிதம்பரம் பக்கத்து வயல் களிமண்ணில் வைப்பதாக இருந்தால் மேடு கட்டித்தான் வைக்க வேண்டும், ஐப்பசி மழையில் வேரில் தண்ணீர் தேங்கினால் போச்சு. குட்டை மரம் என்பதால் காற்றுக்கும் பலா, முந்திரி அளவுக்குப் பயப்பட வேண்டாம், 2011 டிசம்பரில் தானே புயல் கடலூர் மாவட்டத்தில் அவற்றை என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மாசியில் கவாத்து செய்யுங்கள். காயில் மாவுப்பூச்சி வந்தால் முதலில் எறும்பைப் பாருங்கள், அதைச் சுமந்துகொண்டு ஏறுவதும் காவல் காப்பதும் எறும்புதான். அடிமரத்தில் பாலிதீன் சுற்றி கிரீஸ் தடவினால் பாதி வேலை முடிந்தது.

இந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றை விட்டுவிட்டால் தப்பாகிவிடும். இந்த மரங்களின் இலை, பட்டை, விதையில் அசிட்டோஜெனின் என்ற வகை நச்சுப் பொருள்கள் இருக்கின்றன. பாவ்பாவ் இலையை மான் தின்னாமல் விடுவதும், நம் பாட்டிமார் சீத்தா விதையை அரைத்துத் தலையில் பேனுக்குத் தேய்த்ததும் இதனால்தான். அந்த அரைப்பு கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும், பேனுக்கு வேறு வழி பாருங்கள். முள்சீத்தா இலைக் கஷாயம் புற்றுநோயைக் குணமாக்கும் என்று ஃபார்வர்டு ஆகிக்கொண்டே இருக்கும் செய்தி இன்னும் கவலை தருவது. சோதனைக் குழாயில் செல்லைக் கொல்லும் பொருள் எல்லாம் மருந்தாகிவிடாது, நல்ல செல்லையும் அது விட்டுவைக்க வேண்டுமே. கரீபியக் கடலில் உள்ள குவாதலூப் தீவில், மருந்துக்கு மசியாத ஒருவகை பார்க்கின்சன் நோய் வழக்கத்துக்கு மேல் இருப்பதை 1999-ல் மருத்துவர்கள் கவனித்தார்கள், அந்த நோயாளிகளிடம் முள்சீத்தாப் பழமும் இலைத் தேநீரும் வழக்கத்தில் இருந்தன. அதுதான் காரணம் என்று முடிந்த முடிவாக நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும் முள்சீத்தாவில் இருக்கும் அன்னோனாசின் என்ற அசிட்டோஜெனின் நரம்புச் செல்களைக் கொல்வது ஆய்வகத்தில் தெரிந்த விஷயம், பாவ்பாவிலும் அது இருக்கிறது. பருவத்தில் பழமாகச் சாப்பிடுவது ஒன்று, வருடம் முழுக்கக் கஷாயம் வைத்துக் குடிப்பது வேறு.

பாவ்பாவ் ருசி பார்த்தே ஆக வேண்டும் என்கிறவர்கள் செப்டம்பரில் மகளையோ மகனையோ பார்க்கப் போகிற மாதிரி டிக்கெட் போடுங்கள். ஓஹியோ, கென்டக்கி, வர்ஜீனியா பக்கம் உழவர் சந்தைகளில் கிடைக்கும். அழுத்தினால் மெத்தென்று இருக்கிற பழமாக வாங்கி, இரண்டாக வெட்டி, ஸ்பூனால் சதையை மட்டும் எடுத்துச் சாப்பிடுங்கள். தோலும் விதையும் வேண்டாம். அல்வா கிண்டுகிறேன், பாயசத்தில் போடுகிறேன் என்று அடுப்பில் ஏற்றவும் வேண்டாம், சூடாக்கியதைச் சாப்பிட்டுச் சிலருக்கு வாந்தி வருகிறது. பச்சையாகவே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால் முதல் தடவை பாதிப் பழத்தோடு நிறுத்துங்கள், மீதிச் சதையை ஃப்ரீசரில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது.